விற்றே ஆக வேண்டிய வீடு: புதிய முதலீட்டாளர் எங்கே தேடலாம், எங்கே நிற்க வேண்டும்?

கிள்ளான், சிரம்பான், சுங்கை பட்டாணி என எந்த ஊரின் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனாலும் கீழ்த்தளத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். பராமரிப்புக் கட்டணம் கட்டாத வீடுகளின் பட்டியல் பல இடங்களில் அதில் தொங்கும். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள் அப்படிப் பட்டியல் ஒட்ட நிர்வாகத்துக்கு இடம் தருகின்றன. அந்த வழியாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டு எண் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்வார்கள். வேறொரு நோக்கத்தோடு அதைப் படிக்கிறவர்களும் உண்டு. வீடு வாங்கி வாடகைக்கு விட நினைக்கும் புதிய முதலீட்டாளர்கள் அவர்கள்.

"விற்க ஆசைப்படுகிறவரைத் தேடாதே, விற்றே ஆக வேண்டியவரைத் தேடு" என்பது வீட்டு முதலீட்டு வகுப்புகளில் சொல்லித்தரப்படும் முதல் பாடங்களில் ஒன்று. அவசரத்தில் இருப்பவர் விலையைக் குறைப்பார் என்பது அதன் கணக்கு. 2025 ஜூலையில் பேங்க் நெகாரா தனது அடிப்படை வட்டி விகிதமான ஓபிஆரை 3 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது. ஐந்து ஆண்டுகளில் அதுவே முதல் குறைப்பு. வாங்க நினைப்பவருக்கு மாதத் தவணை சற்று இலகுவானது. ஏற்கெனவே ஆறு மாதத் தவணையை விட்டுவிட்ட குடும்பத்துக்கு அந்தக் கால் விழுக்காடு கைகொடுக்கவில்லை.

வாங்க வருகிறவரும் விற்றே ஆக வேண்டியவரும் ஒரே தாமானில், சில வேளை ஒரே கோயிலின் திருப்பணிக் குழுவில் இருப்பவர்கள். ஆகவே இது வெறும் பேரம் பற்றிய கேள்வி அல்ல. நியாயமான பேரம் எங்கே முடிகிறது, பிறர் துன்பத்தில் குளிர் காய்வது எங்கே தொடங்குகிறது என்பதும் இதில் அடங்கும்.

அமெரிக்கப் பாடமும் மலேசிய வீடும்

இந்த வகுப்புகளின் பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் பிறந்தவை. அங்கே இரண்டு முதல் நான்கு குடும்பங்கள் தனித்தனியாகக் குடியிருக்கும் சிறு கட்டடத்தை ஒரே உரிமைப் பத்திரத்தில் வாங்கலாம். ஒரு பகுதியில் உரிமையாளரே தங்கி, மற்றவற்றின் வாடகையில் கடனைக் கட்டலாம். ஒருவர் காலி செய்தாலும் மற்றவர்களின் வாடகை வந்துகொண்டிருக்கும்.

மலேசியாவில் அப்படிப்பட்ட கட்டடம் அரிது. அதற்கு நெருக்கமாக இங்கே மூன்று வகை உண்டு. முதலாவது, கீழே கடையும் மேலே வீடோ அறைகளோ உள்ள பழைய கடைவீடு. இரண்டாவது, மின்தூக்கி இல்லாத நான்கு, ஐந்து மாடி பிளாட்டில் இரண்டு மூன்று வீடுகளை வாங்கித் தனித்தனியாக வாடகைக்கு விடுவது. மூன்றாவது, இரட்டை மாடி வரிசை வீட்டை அறை அறையாக விடுவது. மூன்றாவதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி இல்லாமல் சுவர் எழுப்பினால் அபராதம் வரும். தொழிற்சாலை ஊழியர்களைத் தங்கவைப்பதென்றால், 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தின்படி முதலாளி தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் பெற வேண்டும். "பத்துப் பேரைப் போடலாம்" என்று விற்பவர் சொல்வதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

ஆக, இங்கே தேட வேண்டியது கட்டடத்தின் வகையை அல்ல. அவசரம் எதனால் வந்தது என்பதைத்தான் தேட வேண்டும். விற்பவரை எங்கே பார்ப்பது, எவ்வளவு விலை குறைப்பார், வாங்குபவருக்கு என்ன ஆபத்து என்ற மூன்றுக்கும் விடை அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது.

அப்பா பெயரில் நிற்கும் வீடு

இந்தியர்கள் வாழும் தாமான்களில் அதிகம் காணக் கூடியது இந்த வகை. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் சேமநிதிப் பணத்தில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பிள்ளைகளில் ஒருவர் ஜொகூர் பாருவில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அந்த வீட்டிலேயே. நில அலுவலகப் பதிவில் இன்னும் அப்பாவின் பெயர்தான். நிலவரியும் மதிப்பீட்டு வரியும் சேர்ந்துகொண்டே போகின்றன. யாரும் கூரையைப் பழுது பார்ப்பதில்லை. விற்க எல்லாருக்கும் மனமிருந்தும் விற்க முடியாத வீடு அது.

முஸ்லிம் அல்லாதோருக்குத் தீபகற்பத்தில் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லாமல் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். பெற்றோரும் உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். மூத்த மகன் ஒருவரே கையெழுத்திட்டு மொத்த வீட்டையும் விற்க முடியாது. திருமணமாகிப் போன மகளுக்கும் மகனுக்குள்ள அதே பங்கு உண்டு. இதை மறைத்துப் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. வாங்க வருகிறவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, "வாரிசுகள் எத்தனை பேர்?" என்பதைத்தான்.

இதற்கு வழி இருக்கிறது. 1955ஆம் ஆண்டு சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ், நிலமோ வீடோ அடங்கிய சிறு சொத்துக்கு உயர் நீதிமன்றம் போகாமல் நில அலுவலகத்திலேயே மனு செய்யலாம். முன்பு 2 மில்லியன் ரிங்கிட்டாக இருந்த உச்சவரம்பு 2024 ஜூலையில் 5 மில்லியனாக உயர்ந்தது. தாமான் வீடுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். பாரம் ஏ நிரப்பி, இறப்புச் சான்றிதழும் வாரிசுகளின் அடையாள ஆவணங்களும் நில உரிமைப் பத்திரமும் இணைத்துக் கொடுத்தால் விசாரணைக்குத் தேதி வரும். வாரிசுகள் நேரில் போக வேண்டும். உத்தரவு கிடைத்த பிறகுதான் பெயர் மாற்றமும் விற்பனையும்.

பல குடும்பங்கள் இதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் சண்டை மட்டுமல்ல. பாரம் மலாயில் இருக்கிறது, ஒருவர் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும், யாரோ ஒருவர் முதலில் கைப்பணம் போட வேண்டும். இங்கேதான் பொறுமையுள்ள முதலீட்டாளர் பயன்படுகிறார். மனு, போக்குவரத்து, வரிப் பாக்கி ஆகியவற்றுக்கான செலவை முன்கூட்டி ஏற்று அதை விலையில் கழித்துக்கொள்வதாகச் சொல்லலாம். பங்கீட்டு உத்தரவு வந்தால் மட்டுமே செல்லுபடியாகும் நிபந்தனை ஒப்பந்தத்தை வழக்கறிஞர் மூலம் எல்லா வாரிசுகளோடும் போடலாம். அவருக்குக் கிடைக்கும் விலைக் குறைப்பு அவர் செய்த வேலைக்கும் காத்த காலத்துக்கும் கிடைத்த கூலி. யாரையும் ஏமாற்றிப் பெற்றதல்ல.

வங்கிக் கடிதம் வந்த வீடு

இரண்டாவது காரணம் வீட்டுக்கடன் பாக்கி. தவணை தவறினால் உடனே ஏலம் வராது. தனி உரிமைப் பத்திரம் உள்ள வீடு என்றால் தேசிய நிலச் சட்டத்தின்படி வங்கி முதலில் பாரம் 16டி அறிவிப்பை அனுப்பும். பாக்கியைத் தீர்க்கக் குறைந்தது ஒரு மாத அவகாசம் அதில் உண்டு. அதன் பிறகே விற்பனை உத்தரவு கேட்டு, பத்திரத்தின் வகையைப் பொறுத்து, நில நிர்வாகியிடமோ உயர் நீதிமன்றத்திடமோ வங்கி போகும். தனிப் பத்திரம் இன்னும் வராத அடுக்குமாடி வீடு என்றால், கடன் ஒப்பந்தத்தின் அடிப்படையில் வங்கியே ஏலதாரர் மூலம் விற்கும்.

லெலோங்கில் முதல் முறை யாரும் கேட்காவிட்டால் அடுத்த முறை ஒதுக்க விலை வழக்கமாகப் பத்து விழுக்காடு வரை இறங்கும். ஒரு கணக்குப் பார்க்கலாம். 250,000 ரிங்கிட்டில் தொடங்கும் வீடு இரண்டாம் ஏலத்தில் 225,000, மூன்றாவதில் 202,500, நான்காவதில் 182,250 ரிங்கிட். வங்கிக்கு வர வேண்டியது 170,000 என்று வைத்துக்கொண்டால், நான்காம் ஏலத்தில் விற்றதும் தாமத வட்டி, வழக்குச் செலவு, ஏலச் செலவு போக உரிமையாளரின் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதைவிடக் குறைவாக விற்றால் மீதிக் கடனுக்கும் அவரே பொறுப்பு. வீடு போன பிறகும் கடன் தொடரும் என்பது பலருக்கு ஏலம் முடிந்த பின்னரே தெரிகிறது.

இதே வீட்டை ஏலத்துக்கு முன் 220,000 ரிங்கிட்டுக்கு நேரடியாக விற்றால் வங்கிக்குக் கொடுத்தது போக ஏறக்குறைய 50,000 மிஞ்சும். அதில் செலவும் பாக்கி வரிகளும் கழியும். வாங்குபவருக்கும் இது சாதகம். உள்ளே போய்ப் பார்க்கலாம், காலி வீடாகப் பெறலாம். லெலோங் வீடு இருக்கும் நிலையிலேயே விற்கப்படுவது. உள்ளே யாராவது குடியிருந்தால் வெளியேற்றுவது வாங்கியவரின் பாடு. பூட்டை உடைப்பதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் குற்றமாகிவிடும். நீதிமன்ற உத்தரவு வேண்டும். நில அலுவலக, நீதிமன்ற ஏலத்தில் 10 விழுக்காடு முன்பணம் கட்டி 120 நாளுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் பறிபோகும்.

ஏலத்தில் விற்பனை முடியும் வரை பாக்கி முழுவதையும் கட்டி வீட்டை மீட்க உரிமையாளருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் வாங்குபவர் வங்கிக் கடன் எடுத்துப் பணம் கொடுக்க வழக்கமாக மூன்று மாதம் ஆகும். ஏலத் தேதி அதற்குள் வந்துவிடலாம். கையெழுத்தான விற்பனை ஒப்பந்தத்தையும் கடன் ஒப்புதல் கடிதத்தையும் காட்டி ஏலத்தைத் தள்ளிவைக்க வழக்கறிஞர் கேட்கலாம். சம்மதிப்பது வங்கியின் விருப்பம். ஏல விளம்பரத்தையும் நீதிமன்றத்தின் இ-லெலோங் தளத்தையும் பார்த்துவிட்டு விற்பவரைத் தேடிப் போகிறவர் பெரும்பாலும் தாமதமாகத்தான் போகிறார். முதல் கடிதம் வந்த வாரத்திலேயே உரிமையாளர் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசினால் மட்டுமே இந்த வழி திறக்கும். வெட்கம் அதைத் தடுக்கிறது.

இங்கே நேர்மையான முதலீட்டாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "ஏகேபிகே போனீர்களா?" பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. தவணையை மறுசீரமைக்க இலவசமாக உதவும். அங்கே போனால் வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளக் கூடியவர் விற்காமல் போகலாம். ஒரு வியாபாரம் கைநழுவும். ஆனால் ஆலோசனைக்குப் பிறகும் விற்பதுதான் வழி என்று முடிவெடுத்து வருகிறவர் கடைசி நேரத்தில் மனம் மாறமாட்டார், பிறகு வழக்குப் போடவும் மாட்டார்.

பலகையில் எண் இருக்கும் வீடு

பராமரிப்புக் கட்டணப் பட்டியலை முதலீட்டாளர் படிப்பதில் ஒரு தவறு நடக்கிறது. பட்டியலில் ஐந்து வீடுகள் இருந்தால் அது ஐந்து குடும்பங்களின் சிக்கல். ஐம்பது வீடுகள் இருந்தால் அது கட்டடத்தின் சிக்கல். பாதிப் பேர் கட்டாத இடத்தில் தண்ணீர்த் தொட்டி ஒழுகும், படிக்கட்டு விளக்கு எரியாது, வாடகைக்கு வந்தவர் நிலைக்கமாட்டார். அங்கே கிடைக்கும் மலிவு விலை, கட்டடத்தின் நிலைக்குத் தகுந்த விலையே. அதில் சலுகை எதுவும் இல்லை.

பாக்கித் தொகைக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி விதிக்கலாம். விற்பனைக்கு முன் நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வக் கணக்கு வாங்கி, அந்தத் தொகையை விற்பனைப் பணத்திலிருந்து வழக்கறிஞரே கட்டுவதாக ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அதோடு சேமிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தோடு பத்து விழுக்காடு அளவில் வசூலிக்கப்படும் அந்த நிதி காலியாக இருந்தால், அடுத்த பெரிய பழுதுக்குப் புதிய உரிமையாளரும் கைப்பணம் போட வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் எடுத்து நடத்தாத கடை

நான்காவது வகை ஈப்போ, தைப்பிங், தெலுக் இந்தான் போன்ற ஊர்களின் பழைய கடைவரிசையில் இருக்கிறது. மளிகைக் கடையோ முடி திருத்தும் கடையோ நடத்திய பெரியவருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார்கள். கடன் இல்லை, அவசரம் இல்லை, ஆனால் படியேற முடியவில்லை. இவர் கடைசி வெள்ளிக்கும் போராடமாட்டார் என்று சொல்லப்படுவது உண்டு. உண்மையில் அவர் கேட்பது வேறாக இருக்கும். தைப்பூசம் முடியும் வரை கடையில் இருக்கலாமா, மேல்மாடியில் இருக்கும் பழைய வாடகையாளரை வெளியேற்றாமல் இருப்பீர்களா என்பார். இதைக் காது கொடுத்துக் கேட்பவருக்கு விலையில் இடம் கிடைக்கும்.

கடைவீட்டுக்கு வணிக உரிமை என்பதால் கடன் விகிதமும் வரிகளும் வீட்டைப் போல இருக்கமாட்டா. குத்தகை நிலம் என்றால் எஞ்சிய ஆண்டு குறையக் குறைய வங்கி தயங்கும். கூரை, மின்கம்பி, பக்கத்துக் கடையோடு பங்கு போடும் சுவர் ஆகிய மூன்றையும் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டாமல் விலை பேசக் கூடாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எந்த வகையானாலும் முதல் செலவு நில அலுவலகத் தேடலுக்கு. சில பத்து ரிங்கிட்டில் முடியும் அந்தத் தேடல் யார் பெயரில் நிலம், எந்த வங்கியின் அடமானம், யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா என்று காட்டிவிடும். பத்திரத்தில் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியையும் படிக்க வேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை இந்தியர் வாங்க முடியாது. பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீட்டுக்கு விடுவிப்பு வேண்டும். பல மலிவு விலை வீடுகளையும் குத்தகை நிலங்களையும் மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. வாடகைக்கு ஒதுக்கிய பிபிஆர் வீட்டை அதில் குடியிருப்பவர் விற்கவே முடியாது. "பெயர் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இப்போது வீட்டில் ஏறிக்கொள்ளுங்கள்" என்ற பேச்சு எங்கே வந்தாலும் அங்கேயே எழுந்துவிடுவது நல்லது.

விற்பவர் எப்போது வாங்கினார் என்பதும் முக்கியம். குடிமக்கள் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு சொத்து லாப வரி உண்டு. ஆறாம் ஆண்டிலிருந்து கிடையாது. வாழ்நாளில் ஒரு முறை குடியிருந்த வீட்டுக்கு விலக்குக் கேட்கலாம். ஐந்தாம் ஆண்டின் கடைசியில் நிற்பவருக்குச் சில மாதம் காத்திருக்கச் சொல்வது இருவருக்கும் நல்லது. வாங்குபவரின் வழக்கறிஞர் விலையில் மூன்று விழுக்காட்டைப் பிடித்து வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் விற்பவருக்கு முன்பே சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

அடுத்து, வாங்குபவரின் சொந்தக் கணக்கு. 220,000 ரிங்கிட் வீட்டுக்கு 90 விழுக்காடு கடன் என்றால் 198,000. 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுக்கு மாதம் ஏறக்குறைய 877 ரிங்கிட். வாடகை 1,000 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு மிஞ்சுவது 1,476. ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 476. அதில் நிலவரி, மதிப்பீட்டு வரி, காப்புறுதி, ஒரு குழாய்ப் பழுது எல்லாம் அடங்காது. சந்தை விலையைவிட 30,000 குறைத்து வாங்கிய வீடே இப்படித்தான் நிற்கும். முன்பணம் 22,000, பெயர் மாற்ற முத்திரை வரி 3,400, கடன் முத்திரை வரி 990, இதற்கு மேல் வழக்கறிஞர் கட்டணம் என்று முதலிலேயே கையில் இருக்க வேண்டும்.

ஒரே வீட்டுக்குப் பதிலாகத் தலா 110,000 ரிங்கிட்டில் இரண்டு பிளாட் வாங்கினால் ஒருவர் காலி செய்தாலும் ஒரு வாடகை வரும். ஆனால் 2010 நவம்பரில் பேங்க் நெகாரா கொண்டுவந்த விதிப்படி மூன்றாவது வீட்டுக்கடனுக்கு 70 விழுக்காடுதான் கிடைக்கும். ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்குக் கடன் கட்டுபவர் முதல் பிளாட்டுக்கு 11,000 முன்பணம் போட்டால் போதும். இரண்டாவதற்கு 33,000 வேண்டும். இந்தப் பணத்துக்காகக் கூட்டு பிடிப்பது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீடு வாங்க எடுக்கலாம் என்றாலும், வாடகைக்கு விட வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் எடுக்க முடியாது.

தாண்டக் கூடாத கோடு

அவசரத்தில் இருப்பவரைத் தேடும் தொழிலின் இருண்ட பக்கம் 'ஜுவால் ஜாஞ்சி'. பணத் தேவையில் இருப்பவருக்குக் கடன் கொடுப்பவர் அதைக் கடன் என்று எழுதமாட்டார். சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலைக்கு வீட்டை விற்பதாக ஒப்பந்தமும் அதிகாரப் பத்திரமும் வாங்கிக்கொள்வார். சில மாதத்தில் திருப்பிக் கட்டினால் வீடு உங்களுக்கே என்று வாய்வார்த்தை சொல்வார். கட்ட முடியாதபோது வீடு பெயர் மாறிவிடும். உரிமமில்லாமல் வட்டிக்குக் கொடுத்ததை மறைக்கும் ஏற்பாடு இது என்று கண்டு, பல வழக்குகளில் நீதிமன்றங்கள் இத்தகைய ஒப்பந்தங்களைச் செல்லாது என்று தள்ளியிருக்கின்றன.

புதிய முதலீட்டாளருக்கு இதில் இரண்டு ஆபத்து. மலிவாகக் கிடைத்ததென்று அப்படிப்பட்ட வீட்டை அறியாமல் வாங்கி, வழக்கில் பணம் முடங்கலாம். உரிமையாளர் கண்ணில் படமாட்டார், அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவரே எல்லாக் கையெழுத்தும் போடுவார், ஆனால் உரிமையாளரின் குடும்பம் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் விலகிவிட வேண்டும். இரண்டாவது ஆபத்து, அவரே அப்படி மாறிப்போவது. "வீட்டை எனக்கு விற்றுவிடுங்கள், வாடகை கொடுத்து இருங்கள், பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது உதவி போலத் தோன்றும். சந்தை விலையும் தனித்தனி வழக்கறிஞர்களும் இல்லாமல் அதைச் செய்தால் அது மேலே சொன்னதன் இன்னொரு வடிவம்தான்.

தரகு விஷயமும் அப்படியே. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாரியத்தில் பதிவு பெற்ற முகவர்களும் அவர்களின் கீழ்ப் பதிவு பெற்றவர்களுமே வீட்டுத் தரகு செய்யலாம். கோயிலில் அறிமுகமானவர், காப்புறுதி விற்பவர், "ஆளைத் தெரியும்" என்பவர் தகவல் சொல்லலாம். முன்பணத்தை அவர் கையில் கொடுக்கக் கூடாது. பணம் வழக்கறிஞர் நிறுவனத்தின் அல்லது பதிவு பெற்ற முகவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கே போக வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானதும் வாங்குபவர் தன் பெயரில் கேவியட் போட்டுவிட்டால் அதே வீடு இன்னொருவருக்கு விற்கப்படாது.

அன்று விற்றவர்களும் வாங்கியவர்களும்

மலேசியத் தமிழருக்கு 'அவசரமாக விற்பவர்' என்ற சொல் புதிதல்ல. 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கிய கூட்டாளிகள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடலில் லயத்து வீடும் வேலையும் ஒன்றாகப் போயின. அன்று விற்பவர் யார், வாங்குபவர் யார் என்று தொழிலாளிக்குத் தெரிந்தபோது பேரம் முடிந்திருந்தது.

அதற்குப் பதிலாக 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளரிடமே பங்குப் பணம் திரட்டியது. மறு ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. விற்பனையைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. வாங்குகிற இடத்தில் தொழிலாளியை உட்கார வைக்க முடிந்தது.

அப்பா பெயரில் நிற்கும் வீட்டுக்கும் இது பொருந்தும். அங்கே குடியிருக்கும் தம்பியோ தங்கையோ மற்றவர்களின் பங்குக்கு விலை கொடுத்து வாங்க முடியுமா என்று குடும்பத்துக்குள் முதலில் பேச வேண்டும். மதிப்பீட்டாளரிடம் ஒரு விலை எழுதி வாங்கி, நில அலுவலக விசாரணைக்கு முன்பே அதை எல்லாருக்கும் காட்டினால் வெளியாள் சொல்லும் விலை சரியா என்று ஒப்பிடவும் முடியும். யாராலும் முடியாதென்றால், அதே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலீட்டாளரோடு பேசலாம். வாங்க வருகிறவரும் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவராக இருந்தால், பேச்சைத் தொடங்கலாம்.